சங்கு ஊதும்போதே கிளம்பிவிடும் பஸ்

அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய தகப்பன்களுக்கு ஊரில் ஒரு கடமை உண்டு. அங்கே ரோட்டில் குப்பை இல்லை, ஹாரன் சத்தம் இல்லை, எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமூச்சு விட வேண்டும். நானும் மகன் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு வந்தவன்தான். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டவர்கள், ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நான் உட்கார்ந்திருந்த நேரக் காப்பாளர் அறையில் இப்போது வேலை பார்க்கும் தம்பிகள். குப்பையும் ஹாரனும் அவர்களுக்குப் புதிதில்லை. "சார், அங்க பஸ்ஸு எப்டி?" என்று கேட்டார்கள்.

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். போகும் வழியில் ஜெர்மனியில் மகள் வீட்டிலும் தங்கினேன். ஆகவே ஐரோப்பாவிடம் அமெரிக்கா என்ன படிக்க வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டது. இதைவிடக் குறைந்த தகுதியோடு அறிக்கை எழுதிப் பதவி உயர்வு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் இந்தக் கட்டுரையில் வருகிறார். நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. பென்ஷன் வாங்குகிறவன் அவ்வளவு தைரியசாலியாக இருக்கக் கூடாது.

முதலில் ஜெர்மனி. மகள் இருக்கும் ஊர் வாணியம்பாடியில் பாதிகூட இருக்காது. ரயில் ஸ்டேஷனை ஒட்டியே பஸ் நிற்கும். ரயில் வரும், இறங்கியவர்கள் நடைமேடையைக் கடந்து பஸ்ஸில் ஏறுவார்கள், பஸ் கிளம்பும். அவ்வளவுதான் விஷயம். முதல் நாள் இதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதில் நாங்கள் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. மகளுக்கு என்மேல் கோபம். எனக்கோ அடுத்ததையும் பார்க்க வேண்டும் என்று ஆசை.

இன்னொரு நாள் ரயில் தாமதம். பஸ் டிரைவர் தன் முன்னால் இருந்த சின்னத் திரையைப் பார்த்தார். கதவைத் திறந்துவைத்தபடி உட்கார்ந்திருந்தார். ரயில் வந்தது, ஆட்கள் ஓடாமல் நடந்து வந்து ஏறினார்கள். யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவரும் பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு இல்லை. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே டிக்கெட். எந்தக் கதவு பக்கத்தில் இருக்கிறதோ அதில் ஏறலாம். ஞாயிற்றுக்கிழமையும் பஸ் உண்டு. இத்தனைக்கும் அந்த ஊர்க்காரர்கள் நாள் முழுக்கத் தங்கள் ரயிலைத் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களை ஒரு வாரம் பேர்ணாம்பட்டு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். கூட வந்திருந்த என் மனைவிதான் சரியாகச் சொன்னாள். "இவங்க பஸ்ஸ மனுஷன் ஏறுறதுக்குன்னே வுட்ருக்காங்க."

பிறகு அமெரிக்கா. மகன் இருப்பது ஏரிக்கரையில் உள்ள ஒரு பெரிய நகரத்தின் ஓரம். அங்கே பஸ் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நம் ஆபீஸ்களில் தீயணைப்பு வாளி தொங்குகிற மாதிரி இருக்கிறது. இருக்க வேண்டும் என்று சட்டம், யாரும் தொட மாட்டார்கள். பஸ் ஸ்டாப் என்பது புல்தரையில் நட்ட ஒரு கம்பம். அங்கே போய்ச் சேர நடைபாதை கிடையாது. நான் போய் நின்றால் கார்கள் வேகம் குறைத்து என்னைப் பார்த்துவிட்டுப் போகும். ஒரு நாள் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று விசாரித்தார். பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றதும் அவர் முகத்தில் வந்த இரக்கத்தை என்னால் மறக்க முடியாது.

வந்த பஸ்ஸைக் குறை சொல்லக் கூடாது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவருக்காக அந்த பஸ் ஒரு பக்கமாகத் தாழ்ந்து படியை நீட்டியது. டிரைவரம்மா எழுந்து வந்து நாற்காலியைப் பட்டை போட்டுக் கட்டினார். உள்ளே ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. இதை மட்டும் நம் அதிகாரிகள் அங்கே போய்ப் படித்துக்கொண்டு வந்தால் நானே அவர்களுக்கு மாலை போடுவேன். மற்றபடி அந்த பஸ் மணிக்கு ஒன்று. எல்லோரும் ஒரே கதவில் ஏறி, ஒவ்வொருவராக உண்டியலில் சில்லறை போட வேண்டும். நாலு வீட்டுக்கு ஒரு ஸ்டாப். கடைசியில் ரயில் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தால், ரயில் உள்ளே நுழையும் சத்தம் கேட்கும்போதே அங்கிருந்து பஸ் கிளம்பிவிடும். ரயிலில் வந்தவர்கள் படியிறங்கி வந்து பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஏன் இப்படி என்று மகனைக் கேட்டேன். ரயில் ஒரு வாரியம், பஸ் இன்னொரு வாரியம் என்றான். அவனுக்கு அதில் ஆச்சரியம் எதுவுமில்லை. அவனிடம் கார் இருக்கிறது.

நான் அங்கே இருந்தபோதே அந்தத் தடத்தை நிறுத்தப் போவதாக ஸ்டாப்பில் அறிவிப்பு ஒட்டினார்கள். நிறுத்துவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்பார்களாம், நூலகத்தில் கூட்டமாம். பஸ்ஸைப் பற்றிய அந்தக் கூட்டத்துக்கு பஸ்ஸில் போக வழியில்லை. மருமகள் காரில் கொண்டுபோய் விட்டாள். மேடையில் மூன்று அதிகாரிகள். பேசுகிறவருக்கு மூன்று நிமிடம், முடிந்தால் சிவப்பு விளக்கு எரியும். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு கறுப்பினப் பெண்மணி, வேலை உடுப்போடு வந்திருந்தார். இந்த பஸ் போய்விட்டால் தன் வேலையும் போய்விடும் என்று சொன்னார். நடுவில் இருந்த அதிகாரி மிகவும் பணிவாகப் பதில் சொன்னார். இப்போது ஆட்கள் குறைவு, ஆட்கள் திரும்பி வந்தால் பஸ்ஸையும் திரும்பக் கொண்டுவருவதைப் பற்றி யோசிப்போம் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இதே பதிலை இதே பணிவோடு நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன். கையைத் தூக்கிவிட்டேன். ஆம்பூர் எங்கே இருக்கிறது என்று சொல்வதில் ஒரு நிமிடம் போனது. உங்கள் காலில் இருக்கும் ஷூ அங்கே தைத்ததாக இருக்கலாம் என்றதும் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டார்கள், அதில் கொஞ்சம் போனது. ஜெர்மனியில் ரயிலுக்காக பஸ் காத்திருப்பதைச் சொல்லி முடித்து, எங்கள் ஊரில் எஸ்தர் என்று ஒரு பெண் என்று ஆரம்பிக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. கை தட்டினார்கள், மேலான கருத்துக்கு நன்றி என்றார்கள். நன்றி சொல்வதில் அந்த நாட்டை யாரும் மிஞ்ச முடியாது.

அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன்.

நான் கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்தவன். ராணிப்பேட்டை, ஜோலார்பேட்டை, குடியாத்தம் என்று எல்லாத் தடத்திலும் நின்றபடியே வயதானேன். முட்டி தேய்ந்த பிறகு உட்காருகிற வேலை கொடுத்தார்கள். நேரக் காப்பாளர் என்பது அந்த வேலையின் பெயர். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜன்னல், ஒரு மைக், சுவரில் ஒரு கடிகாரம். பஸ் உள்ளே வந்ததும் கண்டக்டர் ஜன்னலுக்கு வருவார், வந்த நேரத்தைப் போட வேண்டும். கிளம்பும் நேரம் ஆனதும் மைக்கில் ஊர்ப் பெயர்களைச் சொல்லி, போகிற நேரத்தைப் போட்டு அனுப்ப வேண்டும். சுவர்க் கடிகாரம் எல்லோருக்கும் தெரியும். ஆம்பூரில் ஓடுவது அந்தக் கடிகாரம் அல்ல, ஷூ கம்பெனியின் சங்கு என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

மாலை ஐந்தரைக்குச் சங்கு ஊதும். ஊதியதும் பெண்கள் பறந்து வந்துவிட முடியாது. மிஷினை நிறுத்த வேண்டும், மேலே போட்ட கோட்டைக் கழற்ற வேண்டும், விரல் வைக்கும் மிஷின் முன் வரிசையில் நிற்க வேண்டும். பிறகு வாசலில் பை சோதனை. துண்டுத் தோல், ஊசி, நூல்கண்டு எதுவும் வெளியே போகிறதா என்று செக்யூரிட்டியம்மா ஒவ்வொரு சாப்பாட்டுப் பையையும் திறந்து பார்ப்பார், டிபன் பாக்ஸ் மூடி உட்பட. அதற்கப்புறம் சர்வீஸ் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாண்டு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காகச் சாப்பாட்டு நேரம் ஜாஸ்தி என்பதால் சங்கு தள்ளிப்போகும். ரம்ஜான் மாதத்தில் முன்னால் வரும். இதையெல்லாம் எந்த உத்தரவிலும் யாரும் எழுதியதில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் எனக்குச் சொன்னார், நான் டிரைவர்களுக்குச் சொன்னேன். கொல்லமேட்டுக்குப் போகும் பஸ் பெண்கள் வந்து ஏறிய பிறகுதான் நகரும். கொல்லமேடு மலையடிவார ஊர். அதற்கு ஒரு நாளைக்கு நாலே நடைதான். மாலை நடையை விட்டால் அடுத்தது இருட்டி வெகுநேரம் கழித்துத்தான்.

இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் ரகுநந்தன் சார் ஐரோப்பாவுக்குப் போனார்.

ரகுநந்தன் சார் எங்கள் பகுதிக்கு மேலாளர். அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். தூய தமிழில்தான் பேசுவார். கடைநிலை ஊழியரையும் "நண்பரே" என்பார். எங்கள் அறைக்கு வந்தால் கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைப்பார், மடித்துப் பையில் வைப்பார், ஆனால் உட்கார மாட்டார். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல மாட்டார். "ஆய்வு செய்வோம், நண்பரே" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டதும் கேட்டவர் வீட்டுக்குப் போய் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்கெல்லாம் பழகிப்போயிருந்தது. திட்டுகிற அதிகாரியிடம் நாமும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். இவரிடம் அதற்கும் இடமில்லை.

ஐரோப்பியப் போக்குவரத்தைப் படித்து வர அவரை அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் எங்களையெல்லாம் கூப்பிட்டுத் திரையில் படம் காட்டினார். ரயில் முன்னால் ரகுநந்தன் சார், டிராம் முன்னால் ரகுநந்தன் சார், மணிக்கூண்டு முன்னால் ரகுநந்தன் சார். ஒரு படத்தில் பின்னால் ஒரு பஸ்ஸின் பாதி தெரிந்தது. கடைசியில் அவர் கற்றுவந்த பாடத்தைச் சொன்னார். "அங்கே பேருந்து யாருக்காகவும் காத்திருப்பதில்லை, நண்பர்களே."

அதன்படி எல்லா டவுன் பஸ்ஸும் இனிமேல் முழு மணிக்கோ அரை மணிக்கோ கிளம்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜனங்களுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள எளிது என்றார். யோசனையில் தப்பில்லை. ஜெர்மனியில் மகள் ஊரில் நான் பார்த்ததும் அதே ஏற்பாடுதான். ஆனால் அங்கே ரயில் எப்போது வருகிறது என்று பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நேரம் வைத்திருக்கிறார்கள். ரகுநந்தன் சார் கடிகாரத்தில் பெரிய முள் எங்கே அழகாக நிற்கிறது என்று பார்த்து வைத்தார். கொல்லமேட்டு பஸ்ஸுக்கு ஐந்தரை விழுந்தது. சங்கு ஊதும்போதே பஸ் கிளம்பிவிடும்.

முதல் நாள் பெண்கள் வந்து காலி இடத்தைப் பார்த்துவிட்டு நின்றார்கள். மறுநாள் எஸ்தர் என் ஜன்னலுக்கு வந்தாள். ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை. முப்பது வயது இருக்கும். கொல்லமேட்டிலிருந்து முதன்முதலில் கம்பெனி வேலைக்கு வந்தவள் அவள்தான். அவளைப் பார்த்துத்தான் மற்ற வீடுகளிலும் பெண்களை அனுப்பினார்கள். அவள் மாமியார் போட்ட ஒரே நிபந்தனை, விளக்கு வைப்பதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது. அந்த நிபந்தனையை இத்தனை வருஷமாகக் காப்பாற்றிக் கொடுத்தது இந்த பஸ்தான்.

"இன்னா சார் இது? சங்கு ஊதறப்பவே பஸ்ஸு போய்ட்டா நாங்க எப்டி வர்றது?"

மேலிடத்து உத்தரவு, ஐரோப்பாவில் பஸ் யாருக்காகவும் நிற்பதில்லையாம் என்று சொன்னேன்.

"அந்த ஊர்ல பொம்பளைங்க கம்பெனிக்குப் போறதில்லயா சார்?" என்று கேட்டாள். கிண்டல் செய்யவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு கண்டக்டர், ஓசி டிக்கெட்டில் போகிறவர்களுக்கு இவ்வளவு கேள்வியா என்று முனகினான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று ஆன பிறகு, அவர்களுக்கு நேரமும் கிடையாது என்று நினைக்கிறவர்கள் எங்களில் சிலர் இருந்தார்கள்.

அந்தத் தடத்து டிரைவர் மஸ்தான் பாய். மூன்றாம் நாள் ஐந்தரைக்கு நான் மைக்கில் கூப்பிட்டபோது, அவர் பஸ்ஸின் முன்மூடியைத் திறந்துவைத்து, கையில் தண்ணீர்க் கேனோடு நின்றார். என்ன ஆச்சு பாய் என்றேன். "ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும்பா. தாகம் ஜாஸ்தியா இருக்குது" என்றார். பெண்கள் சர்வீஸ் ரோட்டைக் கடந்து வந்து ஏறியதும் தாகம் தீர்ந்து மூடி மூடப்பட்டது. அதற்கு மறுநாளும் ஐந்தரைக்குத் தாகம் எடுத்தது. மஸ்தான் பாய் லீவில் போன நாளில் மாற்று டிரைவருக்கும் அதே நேரத்தில் எடுத்தது. தாமதத்துக்குக் காரணத்தை நான் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அதில் விபத்து, நெரிசல், பழுது என்றுதான் இருக்குமே தவிர, பெண்கள் வருகிறார்கள் என்று ஒரு காரணம் இருக்காது. தினமும் பழுது என்று போட்டேன். டிப்போவிலிருந்து வேறு பஸ் அனுப்பினார்கள். புத்தம் புது வண்டி. அதுவும் வந்த அன்றே ஐந்தரைக்குத் தண்ணீர் கேட்டது. எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நாங்கள் டீக்கடையில் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ரகுநந்தன் சார் ஆய்வு செய்தார். அவர் வாழ்க்கையில் ஒரு ஆய்வு இவ்வளவு சீக்கிரம் முடிந்தது அந்த ஒரு முறைதான். எந்த வண்டியை அனுப்பினாலும் இந்தத் தடத்தில் தினமும் பழுதாகிறது, எனவே கொல்லமேடு தடம் வண்டிகளுக்கு ஏற்றதல்ல, மாலை நடை ரத்து. உத்தரவு வந்தபோது மஸ்தான் பாய் கேனோடு என் அறைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

மறுநாள் நானும் அவரும் வேலூருக்குப் போய் ரகுநந்தன் சாரைப் பார்த்தோம். வண்டியில் எந்தப் பழுதும் இல்லை, கம்பெனிப் பெண்களுக்காக நிறுத்திவைத்தோம், நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும் என்று சொன்னோம். முழுவதும் கேட்டார். கைக்குட்டையை எடுத்து மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"பழுது இருந்தால் தடம் ரத்து. பழுது இல்லாமல் பழுது என்று சொல்லியிருந்தால் ஒழுங்கு நடவடிக்கை. தாங்கள் எதைச் சொல்கிறீர்கள், நண்பரே?"

மஸ்தான் பாய் யோசிக்கவே இல்லை. "என்மேல இன்னா வேணாலும் எடுத்துக்குங்க சார். பஸ்ஸ வுடுங்க" என்றார். ரகுநந்தன் சார் சிரித்தார். இரண்டையும் ஆய்வு செய்வோம் என்றார். சொன்ன சொல் தவறவில்லை. மஸ்தான் பாய்க்கும் எனக்கும் மெமோ வந்தது, தடமும் ரத்தாகவே இருந்தது.

எஸ்தரும் மற்றவர்களும் ஷேர் ஆட்டோவில் ஹைவே பிரிவு வரைக்கும் போய், அங்கிருந்து ஏரிக்கரை முள்காட்டு வழியாக நடந்தார்கள். பொழுது சாய்ந்துவிடும். கொஞ்ச நாள் எஸ்தரின் கணவன் வண்டியில் வந்து அழைத்துப் போனான். அவன் பெயிண்டர், வேலை கிடைத்த ஊரில் இருப்பான், தினமும் வர முடியுமா? பிறகு வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. மற்ற பெண்களில் சிலர் நின்றே விட்டார்கள். எஸ்தர் ஒரு நாள் மறுபடி என் ஜன்னலுக்கு வந்தாள். இந்த முறை சண்டை போடவில்லை.

"ஒரு தேதி சொல்லுங்க சார். அதுவரைக்கும் நான் வூட்ல சமாளிச்சிக்கிறேன்" என்றாள். பிறகு அவளே சொன்னாள். "வேலைக்குப் போறதாலதான் சார் அந்த வூட்ல என்னயும் ஒரு ஆளா மதிச்சி பேசறாங்க. இது போச்சின்னா ஒண்ணுமில்ல."

அவள் முன்னாலேயே ரகுநந்தன் சாருக்குப் போன் போட்டேன். ஆய்வில் உள்ளது, நண்பரே என்றார். மாலை நேரத்தில் அந்த ஊருக்குப் போகிறவர்கள் இப்போது எத்தனை பேர் என்று கேட்டார். பஸ் இல்லாததால் குறைந்துவிட்டார்கள் சார் என்றேன். அப்படியானால் தேவையும் குறைவுதானே, ஆட்கள் கூடினால் பார்ப்போம் என்றார். போனை வைத்துவிட்டு அவளிடம், "சீக்கிரம் வந்துடும்மா" என்று சொன்னேன். வராத பஸ்ஸுக்கெல்லாம் ஜன்னலிலிருந்து நாங்கள் சொல்லும் பதில் அது. தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த வாரத்திலிருந்து அவளைப் பார்க்கவில்லை.

பிறகு கம்பெனிக்கு ஆடிட் வந்தது. ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்பும். அதற்கு முந்தைய வாரம் ஆம்பூரில் கம்பெனிகளைப் பார்க்க வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், முதலுதவிப் பெட்டியில் மருந்து வைப்பார்கள், குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவுவார்கள். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களுக்கு ஒத்திகை நடக்கும். இந்த முறை வந்தது ஜெர்மன்காரம்மா ஒருவர், முதுகில் பையோடு. நெருப்புப் பிடித்தால் எந்த வழியாக ஓடுவீர்கள் என்று கேட்பார் என எல்லோரும் தயாராக இருந்தார்கள். அவர் ஒரு தையல்காரப் பெண்ணிடம், சாயங்காலம் வீட்டுக்கு எப்படிப் போகிறாய் என்று கேட்டுவிட்டார். அதற்கு யாரும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. அந்தப் பெண் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அடுத்த அரை மணியில் ஜெர்மன்காரம்மா என் ஜன்னலில் நின்றார். கம்பெனி ஆபீசர் வியர்த்து வழிய மொழிபெயர்த்தார். பஸ் ஏன் நின்றது என்று கேட்டார். ஆய்வில் உள்ளது என்றேன். எதை ஆய்கிறார்கள் என்று கேட்டார். நான் கம்பெனி ஆபீசரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஒரு பெண் எவ்வளவு நேரம் நிற்கிறாள், எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். ஐரோப்பா கொடுத்த பாடம் உண்மையில் அந்தக் கேள்விதான். ரகுநந்தன் சார் அதற்காக அவ்வளவு தூரம் விமானத்தில் போயிருக்க வேண்டாம்.

ஆர்டர் கை நழுவிவிடும் என்ற பயத்தில் கம்பெனி முதலாளி யாருக்கோ பேசினார், அவர் வேறு யாருக்கோ பேசினார். அன்று பொழுது சாய்வதற்குள் ரகுநந்தன் சாரே எனக்குப் போன் செய்தார். "கொல்லமேட்டுத் தடத்துக்கு ஐந்தே முக்கால் எப்படி இருக்கும், நண்பரே?" என்றார். அத்தனை பெண்கள் அத்தனை வாரமாகக் கேட்டு நடக்காதது ஒரு ஜெர்மன்காரி ஒரு பிற்பகலில் கேட்டதும் நடந்துவிட்டது.

அதற்கு விழா வேறு. பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டி மாலை போட்டார்கள். "ஐரோப்பியத் தரத்தில் ஒருங்கிணைந்த இணைப்புப் பேருந்து" என்று பேனர், அதில் ரகுநந்தன் சார் கைகூப்பிய படம். பச்சைக் கொடியோடு அவரும் வந்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர், பயன்பெறும் பெண்மணி யாராவது இருந்தால் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள் என்றார். சங்கு இன்னும் ஊதவில்லை, கம்பெனிப் பெண்கள் யாரும் வந்து சேரவில்லை. கொல்லமேட்டுக்குப் போக அந்த நேரத்தில் பஸ் அருகில் நின்றிருந்தது ஒரே ஒரு பெண். எஸ்தர்தான். இடுப்பில் ஒரு கூடை. சுற்றிய பீடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புது இலையும் தூளும் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறாள். கம்பெனியில் அவள் மிஷினில் வேறு பெண்ணை உட்கார வைத்து நாளாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ரகுநந்தன் சாருக்கு அவள் யாரென்று தெரியாது. அன்பாகத்தான் கேட்டார். "சொல்லுங்கள் சகோதரி, இந்தப் பேருந்தால் உங்களுக்கு என்ன பயன்?"

எஸ்தர் மாலை போட்ட பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு ஜன்னலில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"நல்லாதான் இருக்குது சார்" என்றாள். "நான் வேலைக்குப் போய்க்கினு இருந்தப்ப வுட்டிருந்தீங்கன்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டு ரகுநந்தன் சார் கொடியைச் சரிசெய்துகொண்டார். எஸ்தர் ஏறிக் கடைசி சீட்டில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் கம்பெனிப் பெண்கள் சாப்பாட்டுப் பைகளோடு வந்து ஏறினார்கள், ஓட வேண்டியிருக்கவில்லை. அவளைப் பார்த்ததும் நகர்ந்து உட்கார்ந்து ஏதோ விசாரித்தார்கள். கொடி அசைந்தது. மஸ்தான் பாய் வண்டியை எடுத்தார். நான் ஐந்தே முக்கால் என்று நேரம் போட்டேன். தாமதம் இல்லை, பழுது இல்லை.